குழந்தைக்கு ஆஸ்துமா: ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் கொடுக்கப் பழகலாம்

என் மகளுக்கு மூன்று வயதில் ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார். அன்று ராத்திரி, அழுது திமிறியவளைப் பிடித்துக்கொண்டு இன்ஹேலரை இரண்டு தடவை அழுத்தினேன். மருந்தில் பெரும்பகுதி கன்னத்திலும் என் கையிலும் படிந்ததே தவிர, இரைப்பு அடங்கவில்லை. கையில் மருந்து இருந்தும் நெஞ்சுக்குள் போய்ச் சேராமல் போன அந்தத் தவிப்பு வேறு யாருக்கும் வரக்கூடாது. அதற்குத்தான் ஸ்பேசர்: ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி, மறுமுனையில் உள்ள மாஸ்க்கைக் குழந்தையின் முகத்தில் வைக்கும் பிளாஸ்டிக் குழாய்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது?

மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளியும் சேர்ந்து வழியை அடைக்கிறது. குறுகிய வழியில் காற்று திணறி வெளியே வரும்போதுதான் அந்த வீசிங் சத்தம் கேட்கிறது. எல்லாக் குழந்தைக்கும் சத்தம் வராது. விடியற்காலை இருமல், ஓடினாலோ விழுந்து விழுந்து சிரித்தாலோ வரும் இருமல், இவ்வளவுதான் சிலருக்கு அறிகுறி.

படி 2: இரண்டு இன்ஹேலரையும் பிரித்து அறியுங்கள்

சால்பியூட்டமால் போன்றது நிவாரணி. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். பலன் சுமார் 4 மணி நேரம் நிற்கும். பியூடசோனைடு, புளூட்டிகசோன் போன்றவை தடுப்பு மருந்துகள். இவை வீக்கத்தை நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லக் குறைப்பவை. மூச்சு முட்டும் நேரத்தில் இவற்றை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பலன் இருக்காது. நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மார்க்கரால் 'அவசரம்', 'தினமும்' என்று மேலேயே எழுதிவிடுங்கள்.

"இன்ஹேலர் பழகிவிடும்" என்ற பேச்சை நானும் நிறையக் கேட்டேன். ஒரு கணக்கு சொல்கிறேன். சால்பியூட்டமால் சிரப் 5 மி.லி.யில் பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரில் ஒரு பஃப், அதாவது ஒரு தடவை அழுத்தினால் வருவது, பொதுவாக 100 மைக்ரோகிராம், அதாவது அதில் இருபதில் ஒரு பங்குதான். நேராக நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவு குறைவே போதும். தடுப்பு மருந்தில் இருப்பது ஸ்டீராய்டு என்பது உண்மை. முதல் வருடத்தில் குழந்தை வழக்கத்தைவிட 1 சென்டிமீட்டர் வரை குறைவாக வளரலாம். அதனால்தான் டாக்டர் நோயை அடக்கக்கூடிய மிகக் குறைந்த அளவைத் தேடுகிறார். குழந்தை நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது.

படி 3: ஸ்பேசரில் கொடுப்பது

முதலில் மருந்தில்லாமல் பழக்குங்கள். என் மகள் பொம்மைக்கு மாஸ்க் வைத்து இரண்டு நாள் விளையாடினாள். மூன்றாம் நாள் தானாக முகத்தைக் கொடுத்தாள். அழும் குழந்தைக்கு மருந்து மிகக் குறைவாகவே உள்ளே போகும். அதனால் இந்த இரண்டு நாள் வீணில்லை.

அப்புறம், குழந்தையை மடியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரின் மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கம் செருகுங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். படிந்த பிறகு ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். மாஸ்க்கை எடுக்காமல், உள்ளே இருக்கும் சின்ன வால்வைப் பாருங்கள். மூச்சு விட விட அது திறந்து மூடும். 5 அல்லது 6 தடவை அசைந்ததும் எடுக்கலாம். சில ஸ்பேசரில் வேகமாக இழுத்தால் விசில் கேட்கும். அப்போது மெதுவாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பஃப் வேண்டுமா? அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசரின் சுவரில் ஒட்டி வீணாகும். தடுப்பு மருந்து கொடுத்த பின் வாயைக் கொப்பளிக்க வைத்து, மாஸ்க் பட்ட இடத்தைத் துடைத்துவிடுங்கள். வாயில் வெண்புண் வரும் வாய்ப்பு குறையும்.

படி 4: ஸ்பேசரைக் கழுவுவது

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து ஊற வைத்து, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

படி 5: தூண்டுவது எது?

சளிக்காய்ச்சல், சிகரெட் மற்றும் ஊதுவத்திப் புகை, படுக்கைத் தூசி, பூஞ்சை, கரப்பான். உங்கள் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிவாரணி தேவைப்பட்டால் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

படி 6: திடீரென்று மூச்சு முட்டினால்

டாக்டர் எழுதித் தந்த அளவில் நிவாரணியைக் கொடுங்கள். அடங்காவிட்டாலோ, 4 மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். சட்டையைத் தூக்கிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறதா? ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியவில்லையா? உதடு நீலம் பூத்திருக்கிறதா, அசந்து துவள்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். திணறல் குறையாமல் வீசிங் சத்தம் மட்டும் நின்றுபோனால் நிம்மதி அடையாதீர்கள், உள்ளே காற்று சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். போகும் வழியிலும் ஸ்பேசரில் நிவாரணியைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.