டிஸ்னி வேர்ல்டில் ஊரோடு ஒத்துப் போகாதீர்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரு வழக்கம் உண்டு. முதலில் நயாகரா, அப்புறம் ஃப்ளோரிடாவின் ஓர்லாண்டோ, அதாவது டிஸ்னி வேர்ல்டு. டிக்கெட் போட்டாயிற்று என்று வாயைத் திறந்தால் போதும், நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியலோடு வந்துவிடுவார்கள். "பீட்டர் பேனை விட்டுடாதீங்க. ஸ்மால் வேர்ல்டு பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க. டோல் விப் கட்டாயம். டர்க்கி லெக் சாப்பிடலைன்னா போனதே வேஸ்ட்." முதல் தடவை போனபோது நான் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை அப்பா அம்மாவைக் கூட்டிப்போனபோது அந்தப் பட்டியலில் பாதியைக் கிழித்துப் போட்டிருந்தேன்.

என் கட்சி இதுதான். ஒரு ரைடைப் பற்றியோ தீனியைப் பற்றியோ ஊர் சொல்லும் தீர்ப்பு, பெரும்பாலும் அதைப் பற்றியதே இல்லை. சொன்னவர் எவ்வளவு நேரம் நின்றார், எவ்வளவு பசியோடு இருந்தார், சின்ன வயதில் யாரோடு வந்தார் என்பதைப் பற்றியது. அந்தக் கணக்கை வைத்து நம் நாளைத் திட்டமிடும்போதுதான் சொதப்புகிறோம்.

வரிசை நீளமாக இருந்தால் ரைடு நல்லது என்று நினைப்பது

டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்டுக்கு முன்னால் எப்போதும் கூட்டம் நிற்கும். ஒரு மணி நேரம் காத்திருப்பது அங்கே சர்வசாதாரணம். கூட்டத்தைப் பார்த்ததும் 'ஏதோ விஷயம் இருக்கிறது' என்று நாமும் போய் ஒட்டிக்கொள்வோம். உள்ளே போனால் மூன்று நிமிடம்கூட இல்லை. குட்டிக் கப்பல் போல ஒரு வண்டி மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி போகும். கீழே லண்டன் நகரம் இரவு விளக்குகளோடு மினுங்கும். அந்த ஒரு காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு அழகு மட்டும் காரணமில்லை. வண்டி சின்னது, இரண்டு மூன்று பேருக்கு மேல் உட்கார முடியாது.

கொஞ்சம் தள்ளி ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீடு இருக்கிறது. அங்கே வண்டிகள் சங்கிலி கோத்ததுபோல் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். நகரும் நடைபாதையில் நடந்தபடியே ஏறி உட்கார வேண்டியதுதான். பீட்டர் பேன் ஒரு மணி நேரத்தில் ஏற்றும் ஆட்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இந்தப் பேய் வீடு விழுங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இரண்டு ரைடுகளுக்கு முன்னாலும் தலா 1,000 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். மணிக்கு 1,000 பேரை ஏற்றும் ரைடில் கடைசி ஆள் 60 நிமிடம் நிற்பார். 2,000 பேரை ஏற்றும் ரைடில் 30 நிமிடம்தான். விருப்பம் இரண்டுக்கும் ஒன்றே, வாசல் பலகையில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரம் மட்டும் வேறு. கல்யாணப் பந்தியில் ஒரே ஒருவர் பரிமாறும் வரிசையில் சாம்பார் வரத் தாமதமானால், அந்தச் சாம்பார்தான் ருசி என்று யாராவது சொல்வார்களா?

பீட்டர் பேன் வேண்டுமென்றால் காலையில் கேட் திறந்ததும் போங்கள், இல்லையென்றால் மூடும் நேரத்தில். இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டமில் இருக்கும் நாவி ரிவர் ஜர்னிக்கும் இதே கதைதான். ஐந்து நிமிடப் படகு, கடைசியில் பாடிக்கொண்டு கையசைக்கும் நீல நிற உருவம். அந்தக் கைவிரல்கள் அசைவதைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஆனாலும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கத் தகுதியில்லை என்பேன்.

'போர்' என்று சொன்னதை அப்படியே நம்புவது

இளசுகள் திரும்பிக்கூடப் பார்க்காத ரைடுகளில்தான் என் அப்பா அம்மாவுக்கு நாள் முழுக்க ஓடியது. முதலாவது பீப்பிள்மூவர். 1975 முதல் மேஜிக் கிங்டமின் டுமாரோலேண்டு பகுதியில், தலைக்கு மேலே உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் சின்ன ரயில். பத்து நிமிடம், மெதுவாக, காற்றோட்டமாக. பெரும்பாலும் வரிசையே இருக்காது. இதன் வண்டிகளுக்குள் மோட்டார் கிடையாது. தண்டவாளத்தில் பதித்திருக்கும் மின்காந்தச் சுருள்கள் அடுத்தடுத்து உயிர்பெற்று வண்டியைத் தள்ளிவிடும். வழியில் ஸ்பேஸ் மவுன்டன் ரோலர் கோஸ்டர் இருக்கும் கட்டடத்துக்குள் இருட்டில் புகுந்து வரும். அங்கே யாரோ வீலென்று அலறுவது கேட்கும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நாம இதுல ஏறினோம்" என்றாள். இறங்கியதும் மறுபடி ஏறினோம். மாலையில் இன்னொரு தடவை.

அதே பகுதியில்தான் காரவுசல் ஆஃப் புரோகிரஸ். 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வால்ட் டிஸ்னியின் குழு செய்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுக்கு 1967இல் போய், ஃப்ளோரிடாவுக்கு 1975இல் வந்தது. இங்கே மேடை அசையாது, நாம் உட்கார்ந்திருக்கும் அரங்கம்தான் மேடைகளைச் சுற்றி வரும். ஒரே குடும்பத்தின் வீட்டில் மின்சாரம் வருவதற்கு முன்பும் பின்பும் என்னென்ன மாறியது என்று காட்டுவார்கள். 1994இல் மாற்றியமைத்த கடைசிக் காட்சி எதிர்காலத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. லேசர் டிஸ்க்கையும் கார் ஃபோனையும் பெருமையாகப் பேசுவார்கள். கேலி செய்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ அதுதான் வேடிக்கையே. போன நூற்றாண்டு கண்ட கனவை ஏசி அறையில் இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேறு எங்கே முடியும்? ஃப்ளோரிடா வெயிலில் மூட்டு வலியோடு நடக்கும் பெரியவர்களுக்கு அந்த நாற்காலியே பாதி வரம்.

மூன்றாவது, டிஸ்னி வேர்ல்டின் வேறொரு பூங்காவான எப்காட்டில் இருக்கும் லிவிங் வித் த லேண்ட். கண்ணாடிக் கூடாரங்களுக்குள் படகில் போய்ச் செடிகொடிகளைப் பார்ப்பது. 'அது பயிர் பார்க்கிற ரைடு, தூக்கம் வரும்' என்பார்கள். மண்ணே இல்லாமல் வேர்கள் அந்தரத்தில் தொங்கும், சத்துநீர் தெளிப்பில் வளரும். பூசணிப் பிஞ்சை அச்சுக்குள் வைத்து மிக்கி தலை வடிவத்தில் விளையவிடுவார்கள். அங்கே விளைவது அதே பூங்காவின் உணவகங்களுக்கும் போகிறது. பக்கத்துப் படகில் எல்லோரும் வாழையையும் பப்பாளியையும் விழுந்து விழுந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவோ, "நம்ம கொல்லையில தண்ணி ஊத்தாமலே காய்க்குது, அதைப் பார்க்க இவ்வளவு செலவா" என்று சிரித்தாள். அப்பா மட்டும் சொட்டுநீர்க் குழாய் எங்கிருந்து வருகிறது என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்களைக் கூட்டிப்போகும்போது ஜங்கிள் குரூஸ் என்ற படகு ரைடை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். படகோட்டி வழி முழுக்க ஆங்கிலச் சிலேடையாக அடித்துவிடுவார். வேண்டுமென்றே மொக்கையாகச் சொல்வதுதான் அங்கே கலை. மொழிபெயர்த்தால் செத்துவிடும். காளமேகத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், புரியும்.

ஸ்மால் வேர்ல்டில் காதைப் பொத்திக்கொள்வது

டிஸ்னி பூங்காக்களில் இதைவிட அதிகமாகத் திட்டு வாங்கிய ரைடு இருக்கிறதா, தெரியவில்லை. நாம் படகில் போகப் போக, பல நாட்டுப் பொம்மைகள் பாடும் ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. ஆனால் அந்தப் பாட்டு ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் நியூயார்க் கண்காட்சியில், யுனிசெஃப்புக்காகப் பிறந்ததுதான். முதலில் ஒவ்வொரு நாட்டுப் பொம்மையும் அதனதன் தேசிய கீதத்தைப் பாடுவதாகத்தான் திட்டம். எல்லாம் சேர்ந்து ஒலித்தபோது சந்தைக்கடை இரைச்சல். அதனால் டிஸ்னிக்குப் பாட்டெழுதிய ஷெர்மன் சகோதரர்களிடம் ஒரே பாட்டு கேட்டார்கள். அவர்கள் போட்ட மெட்டில் பல்லவியையும் சரணத்தையும் ஒரே நேரத்தில் பாடினாலும் ஒன்றோடொன்று இடிக்காது. ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குள் கசிந்தாலும் அபஸ்வரம் வராது.

அடுத்த தடவை படகு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் வாசலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மெட்டு அறுபடாமல், வாத்தியமும் மொழியும் மட்டும் மாறும். கண்ணுக்கு டிஸ்னி ஓவியர் மேரி பிளேரின் வண்ணங்கள். வட்டமும் கட்டமுமாக அவர் வெட்டி ஒட்டிய உலகம் அது. மதியச் சாப்பாட்டுக்கு முன் பசியில் ஏறினால் மட்டும் நான் பொறுப்பில்லை.

ஸ்பேஸ் மவுன்டன் விஷயத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். 'வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்கூடத் தேறாது, இதெல்லாம் ஒரு கோஸ்டரா' என்று எண்ணைப் பார்த்து ஒதுக்குவார்கள். நம் டவுன் பஸ் வேகம்தான், சரி. ஆனால் கும்மிருட்டு. அடுத்த திருப்பம் இடமா வலமா என்று உடம்புக்கு முன்கூட்டித் தெரியாது. அதில்தான் வயிறு கலங்குகிறது.

தீனியில் ஊர் சொல்வதைக் கேட்பது

டோல் விப் என்பது அன்னாசி சாஃப்டி. பால் கிடையாது, பொடியில் தண்ணீர் கலந்து இயந்திரத்தில் சுழற்றி எடுப்பது. நல்ல புளிப்பு, நல்ல குளிர்ச்சி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். சித்திரை வெயிலில் நீர்மோர் அமிர்தம். மார்கழியில் அதே நீர்மோரை யார் சீந்துவார்கள்? டோல் விப்பின் புகழில் பாதி ஃப்ளோரிடா வெயிலுக்குச் சேர வேண்டியது.

டர்க்கி லெக் என்னும் வான்கோழிக் காலை ஆளுக்கொன்றாக வாங்குவதுதான் பெரிய தவறு. ஒரு கால் முக்கால் கிலோவை நெருங்கும். வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், சாப்பிட்டால் பன்றி இறைச்சி மாதிரி இருக்கும். 'இது வான்கோழியே இல்லை, ஈமு' என்று ஒரு வதந்திகூட ரொம்ப நாளாக உலவுகிறது. வான்கோழிதான். பதப்படுத்தும் உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சமைப்பதால் அந்த நிறமும் ருசியும். மூன்று பேருக்கு ஒன்று போதும். உட்கார மேசை கிடைத்த பிறகு வாங்குங்கள். நின்றுகொண்டு அதைக் கடிப்பது போராட்டம்.

சைவம் சாப்பிடுபவர்கள் மெனுவில் இலைச் சின்னத்தைத் தேடுங்கள். இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேர்க்காதது என்று பொருள். பலருக்குத் தெரியாத இன்னொன்று, வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்தத் தேவைப்படுவது கூடாது, கடும் வாசனை கூடாது. புளியோதரையும் தயிர்சாதமும் தாராளமாகத் தேறும். கருவாட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் காசு கொட்ட வேண்டாம். குளிர்பானம் ஊற்றித் தரும் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம்.

எப்காட்டின் நார்வே கடையில் ஸ்கூல் பிரெட் என்று ஒன்றுக்கு ஏகப்பட்ட ரசிகர்கள். ஏலக்காய் பன், நடுவே கஸ்டர்டு, மேலே தேங்காய்த் துருவல். நம்மூர் பேக்கரி தேங்காய் பன்னுக்குத் தூரத்துச் சொந்தம். நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதற்காக உலகைச் சுற்ற வேண்டாம்.

பாப்கார்ன் டப்பா கதையைச் சொல்லாமல் விட முடியாது. எப்காட்டில் ஃபிக்மென்ட் என்ற ஊதா டிராகனின் ரைடு ஒன்று இருக்கிறது. ரசிகர்களே வறுத்தெடுக்கும் ரைடு, வரிசை பெரும்பாலும் காலி. 2022 ஜனவரியில் அதே ஃபிக்மென்ட் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாப்கார்ன் டப்பா விற்பனைக்கு வந்தது. அதை வாங்க ஜனம் பல மணி நேரம் வரிசையில் நின்றது.

கடைசியாக, எல்லோரும் வெறுக்கும் பெவர்லி. எப்காட்டின் க்ளப் கூலில் கோகோ கோலா நிறுவனம் பல நாட்டு பானங்களை இலவசமாக ருசி பார்க்க வைத்திருக்கும். அதில் இத்தாலியக் கசப்பு சோடாவான பெவர்லிதான் வில்லன். விஷயம் தெரியாத நண்பனைக் குடிக்கவைத்து அவன் முகம் போகும் போக்கைப் படம் பிடிப்பது அங்கே ஒரு விளையாட்டு. சாப்பாட்டுக்கு முன் பசியைத் தூண்டக் குடிக்கும் கசப்பு அது. இனிப்பை எதிர்பார்த்து வாயில் ஊற்றினால் அடிவாங்கத்தான் செய்யும். ஆனால் சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூ ரசமும் பழகிய நாக்குக்கு இதெல்லாம் ஒரு கசப்பா?

நானும் அதே விளையாட்டை அப்பாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் குட்டிக் கோப்பையை நீட்டிவிட்டு ஃபோனைத் தயாராகப் பிடித்துக்கொண்டேன். மொத்தத்தையும் ஒரே மடக்கில் குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "நிலவேம்புக் கஷாயத்துல சோடா ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் கோப்பையைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "இன்னொன்னு புடிச்சிட்டு வா."