விஸ் 35: கடைசிக்காலத் துப்பாக்கியை அடையாளம் காண

ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் போலந்தின் ராடோம் ஆலையில் செய்த விஸ் 35 கைத்துப்பாக்கி பிந்தைய காலத்ததா என்று அறிய, இடப்பக்கத்து லீவர்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் முந்தையது, இரண்டே இருந்தால் எளிமையாக்கப்பட்ட கடைசி வகை. (முதலில் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்றி, சேம்பர், அதாவது தோட்டா நிற்கும் குழி, காலியா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.)

வேலையைக் குறைக்க, பிடியின் பின்பக்கத்தில் தோள்கட்டை மாட்டும் பள்ளத்தை முதலில் கைவிட்டார்கள். பிறகு பிரேமின், அதாவது அடிச்சட்டத்தின், பின்கோடியில் இருந்த கழற்று லீவரையும் விட்டார்கள். பார்க்க சேப்டி போல இருக்கும் இந்த லீவருக்கு, கழற்றும்போது ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தைப் பிடித்து வைப்பது மட்டுமே வேலை. கையாலேயே பிடித்துக்கொள்ளலாம் என்பதால் அது போனது. சுத்தியலை இறக்கும் லீவரும், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் லீவரும் மிஞ்சின. ஆக, பள்ளம் இல்லை, லீவர் மூன்று என்றால் நடுக்காலம். ஸ்லைடில் ‘பி.என்.ஸெட்’ (bnz) குறியீடு இருந்தால் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆலையில் முடித்த கடைசித் தொகுதி.

போருக்கு முந்தைய போலந்துத் துப்பாக்கியையும் ஆரம்ப ஆக்கிரமிப்புக் காலத்ததையும் பிரிக்க இது உதவாது. இரண்டிலும் பள்ளமும் மூன்று லீவரும் உண்டு. அங்கே ஸ்லைடில் போலந்துக் கழுகும் ஆண்டும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 1990களில் ராடோம் மறுபடி செய்தவற்றிலும் கழுகு உண்டு, கவனம். கைப்பிடியின் பக்கத்து மரத் தகட்டை மட்டும் பார்த்துக் காலத்தை முடிவு செய்யவே கூடாது, இரண்டு ஸ்குரூவில் மாறிவிடும்.