சாதனங்கள் உறங்கும்போது நினைவகம் ஒதுக்குவது எப்படி

திருகோணமலைத் துறைமுகத்தில் பற்றரியில் இயங்கி, கடல்மட்டத்தை அளந்துவிட்டு உறக்கநிலைக்குத் திரும்பும் லினக்ஸ் கருவியொன்றுக்கு நீங்கள் சாதன இயக்கி (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சாதனத்தை உறங்கவைக்கும் உறக்க அழைப்புக்குள், வழக்கமான ஒதுக்கீட்டுக்குரிய ஜிஎஃப்பி கெர்னல் (GFP_KERNEL) கொடியுடன் நினைவகம் கேட்டால், இடம் நெருக்கடியாக உள்ளபோது கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பழைய பக்கங்களை வட்டுக்கு எழுதி இடம் தேடக்கூடும். அந்த வட்டு ஏற்கெனவே உறங்கியிருந்தால் எழுதும் பணி முடியாது, ஒதுக்கீடும் திரும்பாது, கருவி அப்படியே முடங்கிவிடக்கூடும்.

ஆகவே, சாதனப் பதிவேடுகளின் (ரெஜிஸ்டர்) மதிப்புகளைச் சேமிக்க வேண்டிய இடத்தை, இயக்கி சாதனத்துடன் இணையும்போதே ஒதுக்கிவிடுங்கள். அளவு பிறகுதான் தெரியுமெனில், உறக்கத் தயாரிப்பு அறிவிப்பைப் பெற்று, சாதனங்கள் விழித்திருக்கையிலேயே ஒதுக்குங்கள்.

முழுக் கணினியும் உறங்கும்போது, வட்டையும் கோப்பு முறைமையையும் நாட அனுமதிக்கும் கொடிகளைக் கெர்னலே நீக்கிவிடுகிறது. அது முடக்கத்தைத் தவிர்க்க உதவுமேயன்றி நினைவகம் கிடைக்கும் என்ற உறுதியைத் தருவதில்லை, ஆதலால் ஒதுக்கீடு தோற்றதைக் காட்டும் வெற்றுச் சுட்டி (NULL) வந்ததா எனக் கட்டாயம் சோதியுங்கள்.

தனிச் சாதனம் மட்டும் உறங்கும் இயக்கநேர மின்மேலாண்மையில் இந்தப் பொதுக் கட்டுப்பாடு இல்லை. அங்கே, சேமிப்பகப் பாதையிலுள்ள இயக்கியானால், ஒதுக்கீடுகள் வட்டை நாடாமல் தடுக்கும் மெம்அலாக் நோஐஓ சேவ் (memalloc_noio_save) அழைத்து, வேலை முடிந்ததும் அது தந்த மதிப்பையே கொடுத்து மெம்அலாக் நோஐஓ ரெஸ்டோர் (memalloc_noio_restore) அழையுங்கள். காத்திருக்காமல் நினைவகம் கேட்கும் ஜிஎஃப்பி அட்டாமிக் (GFP_ATOMIC) கொடியை எங்கும் தூவுவது, பலரும் நாடும் குறுக்குவழியெனினும், கெர்னலின் அவசர நினைவக இருப்பையே தின்றுவிடும்.