தண்ணீர் மாற்றினாலே சுருண்டுவிடும் பெட்டா: போர்வெல் தண்ணீர்தான் காரணம்

20 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு ஆண் பெட்டா (சண்டை மீன்). பாதித் தண்ணீர் மாற்றினால் போதும், அரை மணி நேரத்தில் துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் படுத்துவிடும். மறுநாள் தானாகவே தேறிவிடும்.

குளோரின் நீக்கும் மருந்தை ஊற்றிப் பார்த்தேன்; போர்வெல் தண்ணீரில் குளோரினே கிடையாது, பலனும் இல்லை. ஹீட்டர் வைத்து 27 டிகிரியில் நிறுத்தியும் அதே நிலை. மீன் நோய்க்கு விடும் மெத்திலீன் புளூ மருந்தும் வீண்.

துப்பு கிடைத்தது குமிழிகளில். புதுத் தண்ணீர் விட்டதும் கண்ணாடியிலும் மீனின் வாலிலும் குண்டூசித் தலையைவிடச் சிறிய குமிழிகள் ஒட்டியிருந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த வாயு வெளியேறும் அடையாளம் அது. சோதனைத் திரவத்தில் பார்த்தால், குழாயில் பிடித்தவுடன் பிஎச் (அமில-கார அளவு) 6.8, அதே தண்ணீரில் இரவெல்லாம் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடியபின் 7.8. கரியமில வாயு போகப் போக பிஎச் ஏறுகிறது. தொட்டியிலும் 7.8தான். புதுத் தண்ணீர் விட்டதும் பிஎச் திடீரென இறங்கியதுதான் மீனைச் சாய்த்திருக்கிறது.

இப்போது வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வைக்கிறேன். தொட்டியின் வெப்பத்துக்கு ஒரு டிகிரிக்குள் வந்ததும், கால் பங்கு மட்டும் மெல்லிய குழாய் வழியே இறக்குகிறேன். துடுப்பு சுருங்குவதே இல்லை. முட்டைக்காக ஆண் மீன் கட்டும் நுரைக்கூடுகூடக் கட்டுகிறது, அப்பாடா! மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம் வேண்டும்.