டார்பிடோ எங்கே குறி தவறுகிறது?

இரண்டாம் உலகப் போர்க் கால நீர்மூழ்கிக் கப்பல்களின் டார்பிடோக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க உட்காரும் பலரும் தூரத்தில்தான் தொடங்குகிறார்கள். எதிரிக் கப்பல் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டார்பிடோ திரும்பாமல் நேராக ஓடுமானால், கப்பலுக்கு எத்தனை டிகிரி முன்னால் குறி வைப்பது (இதுவே முந்து கோணம்) என்பதில் தூரத்துக்கு வேலையே இல்லை. கப்பலின் வேகத்தை டார்பிடோவின் வேகத்தால் வகுத்து, எதிரிக் கப்பலின் முன்பக்கத்துக்கும் நாம் இருக்கும் திசைக்கும் இடையிலான அணியக் கோணத்தின் சைனால் பெருக்கினால், முந்து கோணத்தின் சைன் வந்துவிடும்.

ஆளைக் கவிழ்ப்பது வேகம். அமெரிக்க மார்க் 14 டார்பிடோவின் வேகம் 46 நாட், அதாவது மணிக்கு 46 கடல் மைல். குறுக்கே செல்லும் கப்பலின் வேகம் 12 நாட் என்று கணித்தால் முந்து கோணம் 15 டிகிரி. தூரம் 1,400 மீட்டர் என்றால் டார்பிடோ போய்ச் சேர 61 விநாடி ஆகும். கப்பல் உண்மையில் 9 நாட் வேகத்தில் போனால், அதற்குள் 95 மீட்டர் பின்தங்கியிருக்கும். 120 மீட்டர் நீளக் கப்பலின் நடுவில் குறி வைத்திருந்தாலும் டார்பிடோ அதன் முன்நுனிக்கு 35 மீட்டர் முன்னாலேயே கடந்துவிடும்.

ஆகவே அலையைப் பார்த்து வேகத்தை ஊகிக்காதீர்கள். அன்றைய மாலுமிகள் ஒலிக்கருவியில் புரொப்பல்லரின் சுழற்சிகளை எண்ணினார்கள். 3 நிமிடத்தில் 100 கெஜம் நகர்ந்தால் 1 நாட் என்ற எளிய கணக்கும் அவர்களிடம் இருந்தது. கப்பல் எவ்வளவு நகர்ந்தது என்று அறியத் தூரம் தெரிய வேண்டும்; தூரம் கொல்லைப்புற வழியாக உள்ளே வருவது இங்கேதான். பெரிஸ்கோப் வழியே பார்க்கும்போது எதிரிக் கப்பலின் கொடிமர உயரத்தை வைத்துத்தான் தூரத்தை அளந்தார்கள். உயரத்தை 20 சதவீதம் கூட்டி நினைத்தால் தூரமும் அதே அளவு கூடும். அதிலிருந்து எடுக்கும் வேகமும் பிசகும்.

அடுத்து அணியக் கோணம். படகின் முன்பக்கத்தை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள். இது நம் பெரிஸ்கோப் திரும்பியிருக்கும் கோணம் அல்ல. எதிரிக் கப்பலின் அணியத்தில் முன்னோக்கி நிற்பவர் நம்மைப் பார்க்க எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பதே அது. இடம், வலம் மாறினால் கணக்கு முழுவதும் தலைகீழ். மேலே சொன்ன கப்பலுக்கு 90 டிகிரியை 80 என்று நினைத்தால் முந்து கோணம் 0.2 டிகிரிதான் மாறுகிறது. 30 டிகிரியை 40 என்று நினைத்தாலோ 2 டிகிரிக்கு மேல் விலகிவிடும். தேர்ந்த தளபதிகள் கப்பலின் பக்கவாட்டுக்கு வரப் பொறுமையாகக் காத்திருந்தது இதனால்தான்.

ஏவிய பிறகு, டார்பிடோவுக்குள் இருந்து அதன் திசையைக் கட்டுப்படுத்தும் ஜைரோ கருவி அதைப் பெரிதாகத் திருப்ப வேண்டியிருந்தால் தூரம் மறுபடியும் முக்கியமாகிவிடும்.

பற்சக்கரங்களால் இயங்கிய டார்பிடோ டேட்டா கம்ப்யூட்டர் இத்தனையையும் ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் தவறான வேகத்தைக் கொடுத்தால் தவறான கோணத்தைத்தான் அதுவும் தரும்.

பழைய ரோந்துக் குறிப்புகளைப் படிப்பவர்கள் செய்யும் ஒரு தவறு என்னை மிகவும் வருத்துகிறது. குறி தப்பிய ஒவ்வொரு முறையும் தளபதியின் கணக்கையே குறை சொல்கிறார்கள். 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே அமெரிக்கர்கள் கடலில் வலை கட்டி மார்க் 14-ஐச் சோதித்தார்கள். 10 அடி ஆழத்தில் ஓடும்படி வைத்து ஏவிய டார்பிடோ, 25 அடி ஆழத்தில் வலையைக் கிழித்திருந்தது. கணக்கு சரியாக இருந்தாலும் இப்படி ஆழமாக ஓடும் டார்பிடோ கப்பலுக்கு அடியில் கடந்து போய்விடலாம்.