ஆல்ஃபா ரோமியோ சின்னத்தின் நிறத்தைக் கொண்டு அதன் காலத்தைக் கணிக்கும் முறை

இத்தாலியப் பழங்கார்களின் சின்னங்களைப் படிக்கத் தொடங்குவோர் ஆல்ஃபா ரோமியோவை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது; 1910இல் மிலான் நகரில் உருவான அச்சின்னம், போரையும் ஆட்சி மாற்றத்தையும் தன் நிறங்களிலேயே பதிந்துவைத்திருக்கிறது.

முதலில், சின்னத்தை மென்மையான சோப்பு நீரால் கழுவித் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் கருநீலம் கறுப்பாகவே தெரியும்.

அடுத்து, அடிப்படை நிறங்களைச் சரிபாருங்கள். இடப்பாதியில் வெள்ளைத் தளத்தின்மேல் மிலான் நகரின் சிவப்புச் சிலுவையும், வலப்பாதியில் முன்பு மிலானை ஆண்ட விஸ்கோன்தி குடும்பத்தின், மனித உருவத்தை விழுங்கும் பச்சைப் பாம்பும், இரண்டையும் சுற்றி நீல வளையமும் இருப்பதே வழக்கமான அமைப்பு.

பச்சையும் நீலமும் இல்லாமல், சிவப்புத் தளத்தில் உலோகக் கோடுகள் மட்டும் தெரிந்தால், நிறம் போய்விட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுச் சேதத்துக்குப் பின், பல வண்ணச் சின்னத்தைப் பழையபடி செய்ய இயலாத நிலையில், 1946 முதல் 1950 வரை இந்த எளிய வடிவமே பயன்பட்டது. என் பார்வையில், ஆல்ஃபா சின்னங்களிலேயே அழகானது இதுதான்.

பிறகு வளையத்துக்கு வாருங்கள், ஏனெனில் நிறம் ஐயத்தை எழுப்பும் இடத்தில் எழுத்துகளே தீர்ப்புச் சொல்லும். வளையத்திலுள்ள ‘ஆல்ஃபா ரோமியோ’, ‘மிலானோ’ என்ற சொற்களுக்கிடையே, இத்தாலியை ஆண்ட சவோய் அரச குடும்பத்தின் முடிச்சுகள் இருந்தால் அது மன்னராட்சிக்கால வடிவம். 1946இல் இத்தாலி குடியரசானபின் அவற்றின் இடத்தில் அலைக்கோடுகள் வந்தன. நேப்பிள்ஸ் அருகே பொமில்யானோ தார்கோவில் ஆலை தொடங்கியதையடுத்து, 1970களின் தொடக்கத்தில் ‘மிலானோ’ என்ற சொல்லும் நீங்கியது. வளையத்தைச் சூழும் வாகைமாலையோ, பி2 பந்தயக் கார் 1925இல் உலகப் பட்டம் வென்றதன் நினைவாகச் சேர்ந்தது.

இறுதியாக, சின்னம் எனாமலால் ஆனதா, பிளாஸ்டிக்கால் ஆனதா என்று உருப்பெருக்கியால் ஆராயுங்கள். எனாமல் என்பது உலோகத்தின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடித்தூள் ஆகையால், அது எளிதில் வெளுக்காது. அடிபட்டால் கண்ணாடிபோல் சில்லாகப் பெயரும். வண்ணம் பூசிய பிளாஸ்டிக் சின்னமோ வெயிலில் வெளுக்கும் என்பதால், அதன் வெளிர்நீலத்தைத் தனி வகையாகக் குறித்துவிட வேண்டாம். ஓரத்தில் சட்டத்துக்கடியில் மறைந்திருந்த பகுதியின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள். பழைய கார்களில் சின்னத்தை மாற்றிப் பொருத்துவது சாதாரணம் ஆதலால், இவ்வாறு கணித்த காலம் சின்னத்துக்கு மட்டுமே பொருந்தும்; காரின் வயதை அதன் அடிச்சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணைக் கொண்டே உறுதிசெய்ய வேண்டும்.