தியாகமாகக் கொடுக்கப் பழகுவது எப்படி

மிச்சத்தில் கொடுப்பது தப்பில்லை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுத்த பிறகும் உங்கள் மாதம் எப்போதும் போலவே ஓடுகிறதென்றால் அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். பைபிளில் மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் ஆலயக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசு, பணக்காரர்கள் நிறையப் போடுவதையும் பார்த்தார், ஓர் ஏழை விதவை இரண்டு காசு போடுவதையும் பார்த்தார். அவள்தான் எல்லாரையும்விட அதிகம் போட்டாள் என்றார். போட்ட பிறகு யார் கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால்தான் அந்தக் கணக்கு புரியும்.

அதனால் 'எவ்வளவு கொடுக்கலாம்' என்று ஆரம்பிக்காதீர்கள். எதை விடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நன்றாக ஓடும் போனை மாற்றாமல் இருப்பது, வெளியே சாப்பிடுவதைக் குறைப்பது, விடுமுறைநாள் தூக்கத்தை விட்டு ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் துணைக்கு உட்காருவது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். பணம் என்றால் அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு செலவில் கரைந்துவிடும். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி சேர்த்து வையுங்கள் என்று அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதியதும் இதைத்தான்.

அடுத்தது, நிறையப் பேர் சறுக்குகிற இடம். விடுவது உங்களுடையதாக இருக்க வேண்டும். பிள்ளையின் ஃபீஸை, மனைவி சேர்த்து வைத்ததை, கடன்காரருக்குத் தர வேண்டியதை எடுத்துக் கொடுத்தால் தியாகம் செய்தது அவர்கள், பெயர் மட்டும் உங்களுக்கு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான், காணிக்கையாகக் கொடுத்தாயிற்று' என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). வீட்டில் உட்கார்ந்து பேசி, எல்லாரும் சம்மதித்த பிறகு விடுவதுதான் சரி, கொஞ்சம் நாளானாலும் பரவாயில்லை.

யாரும் நெருக்கியும் கொடுக்க வேண்டாம். மக்கெதோனியா சபையார் கொடிய வறுமையிலும் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள், ஆனால் தாங்களாகவே மனமுவந்து கொடுத்தார்கள் (2 கொரிந்தியர் 8). நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்து வைத்துவிட்டு, முழுவதையும் கொடுப்பதுபோல் காட்டிய அனனியாவிடம் இயேசுவின் சீடர் பேதுருவும், நிலம் விற்கும் முன்பு உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்றுதான் கேட்டார். அங்கே குற்றம் பொய் சொன்னது. நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று ஆசைகாட்டிக் கேட்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள், திரும்பி வரும் என்று எண்ணிப் போடுவது முதலீடு.

சம்பளம் கூடும்போது என்ன செய்வது? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் வருடம் 30 பவுண்டு வாங்கியபோது 28இல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த வருடம் வரவு 60, வாழ்ந்தது அதே 28இல், கொடுத்தது 32. வரவு 120 ஆனபோதும் 28தான். நம்மால் அந்த அளவுக்கு முடியாமல் போகலாம் (விலைவாசியும் சும்மா இருக்காது), ஆனால் வரும் ஊதிய உயர்வில் பாதியையாவது கைக்கு வருமுன்பே ஒதுக்கி வைக்கலாமே.

கொடுக்கும் விதமும் முக்கியம். கிழிந்த துணியையும் காலாவதியான மருந்தையும் கொடுப்பது வீட்டைச் சுத்தம் செய்வது, அவ்வளவுதான். என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள், போட்டோ எடுக்காதீர்கள், பிறகு சொல்லிக் காட்டாதீர்கள். கொடுத்த பிறகு மனதில் கசப்பு தங்கினால் அடுத்த முறை அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

அப்புறம் கடன் கேட்டு வருகிறவர்கள். திரும்பி வராது என்று தெரிந்தும், உங்களால் விட முடியும் என்றால், 'இது கடன் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள்' என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒதுங்கிப் போவார், கொடுத்த பணத்தோடு ஆளையும் இழப்பீர்கள்.